சூறாவளிப் பருவமும் இல்லப் பாதுகாப்பும்

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் வெளியிடும் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். கூரையையும் ஆணியையும் பற்றி இவர் எழுதுவானேன் என வாசகர் வியத்தலும் இயல்பே. அதற்குக் காரணம் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவோம். ஈண்டு ஒன்று மட்டும் சொல்லி அமைவோம். வருமுன் காத்தலைப் பற்றி வள்ளுவர் பாடிய குறளை மாணவராய் இருந்த காலத்தில் மனனஞ் செய்து பரீட்சையிற் புள்ளி பெற்றோம். ஆசிரியராகிய பின்னர் அதற்குப் பொருள் விரித்து ஆண்டுதோறும் கற்பித்தோம். ஆயினும் அக்குறளை யாம் உண்மையாகக் கற்றது வகுப்பறையில் அன்று. ஒரு மார்கழி மாதத்து மாலையிலே, கூரையிழந்த எம் வீட்டு விறாந்தையிலேயே அதனைக் கற்றோம்.

கீழைக்கரையிலும் வடகரையிலும் வாழ்வோர்க்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களும் மழையைக் கொணரும் மாதங்கள். வயலுக்கு உயிரூட்டும் மாதங்கள். அம்மாதங்களே சூறாவளிக்கும் உரியன. மழையை வரவேற்கும் நாம் அதனோடு வரக்கூடிய காற்றுக்கும் வெள்ளத்திற்கும் வீட்டை ஆயத்தஞ் செய்து வைத்தல் வேண்டும். அதனை எவ்வாறு செய்வது, ஏன் அவ்வாறு செய்வது என்பனவற்றை எளிதில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூறாவளி என்பது யாது?

கடல்நீரின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைந்திருக்கும்போது, அந்நீர் ஆவியாகி மேலெழுகின்றது. மேலெழுந்த நீராவி குளிர்ந்து முகிலாகும்போது தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் காற்றை மேலும் உயரச் செலுத்தும். கீழே அமுக்கம் குறையும். குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று விரையும். பூமி சுழல்வதனால் அக்காற்று நேரே செல்லாது வளைந்து சுழலத் தொடங்கும். பூமத்திய கோட்டிற்கு வடக்கே அச்சுழற்சி மணிக்கூட்டின் முள் செல்லும் திசைக்கு எதிரானது. பூமத்திய கோட்டிற்கு மிக அண்மையிற் பூமிச் சுழற்சியின் இவ்விளைவு போதாமையால், ஏறக்குறைய ஐந்து பாகை அகலக்கோட்டிற்குள்ளே சூறாவளி தோன்றுதல் மிக அரிது. இலங்கையோ ஆறாம் பாகைக்கும் பத்தாம் பாகைக்கும் இடையிற் கிடக்கின்றது. ஆதலின் வங்காள விரிகுடாவின் சூறாவளிகளுட் பல நமக்கு வடக்கே சென்றுவிடுகின்றன. சில நம்மைத் தீண்டுகின்றன.

அத்திலாந்திக் கடலில் இதனையே ஹரிக்கேன் என்பர். மேற்குப் பசுபிக்கில் தைபூன் என்பர். நமது கடற்பகுதியில் வழங்கும் சைக்கிளோன் என்னும் பெயரை ஆக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் அறிஞர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

வளிமண்டலவியலார் காற்றின் வேகத்தைக் கொண்டு இதனைப் படிப்படியாகப் பகுப்பர். மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர் வரை வீசுவது தாழமுக்கம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழமுக்கம். 63 ஐ எட்டியதும் அது சூறாவளி எனப் பெயர் பெறும். 89 ஐக் கடந்தால் கடுஞ் சூறாவளி. 118 ஐக் கடந்தால் மிகக் கடுஞ் சூறாவளி. சூறாவளி என்னும் நிலையை அடைந்தவற்றிற்கு ஒரு பெயரும் சூட்டப்படும். இக்கடற்பகுதியைச் சூழ்ந்த நாடுகள் தத்தமக்குரிய பெயர்களை முன்னரே பட்டியலாகக் கொடுத்துள்ளன. 2004 ஆம் ஆண்டு முதல் இம்முறை வழக்கிலுள்ளது.

நமது கரை கண்டவை

1964 ஆம் ஆண்டு மார்கழி 22 ஆம், 23 ஆம் நாட்களில் இலங்கையின் வடபாகத்தைக் கடந்து சென்ற சூறாவளி, மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணப் பகுதிகளுக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. அதுவே பாக்கு நீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கியது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி இரயிலேறிய நம் முன்னோரின் பயணவழி அந்த ஓரிரவில் அழிந்தது.

1978 ஆம் ஆண்டு கார்த்திகை 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அப்பகுதி மக்கள் இன்றும் ஆண்டுக்கணக்கின் எல்லைக்கல்லாகவே கொள்வர். ‘சூறாவளிக்கு முன்’, ‘சூறாவளிக்குப் பின்’ எனப் பேசுவர். ஏறத்தாழத் தொளாயிரம் உயிர்கள் மாண்டன. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. தென்னந் தோட்டங்களுட் பெரும்பகுதி ஒரே இரவில் வீழ்ந்தது.

2000 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஒரு சூறாவளி திருகோணமலைக்கு அண்மையிற் கரை கடந்தது. 2008 ஆம் ஆண்டு கார்த்திகையில் நிசா என்னும் பெயரியது யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 ஆம் ஆண்டு மார்கழி 2 ஆம் நாளிரவு புரெவி என்பது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது.

2025 ஆம் ஆண்டு கார்த்திகை இறுதியில் வந்த டித்வா நமக்குப் புதியதொரு பாடத்தைக் கற்பித்தது. காற்றின் வேகத்தால் அளப்பின் அது மிக வலியது அன்று. சூறாவளி என்னும் முதற்படியளவினதே. ஆயினும் நாடெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவினால் மாண்டோரே அவருட் பலர். காற்று கொல்லாத இடத்தில் மழை கொன்றது. எனவே வானொலியிற் சொல்லப்படும் காற்றளவை மட்டும் கேட்டு, ‘இது சிறியது’ என்று தேறியிருத்தல் கூடாது. படிநிலை காற்றைக் குறிக்குமேயன்றி, மழையையும் வெள்ளத்தையும் குறிக்காது.

காற்று கூரையை எடுக்கும் வகை

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை இரட்டிக்கும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அஃதன்று, விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது ஏறக்குறைய 17 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். வேகம் 120 ஆகும்போது அது 68 கிலோகிராம் அளவினதாகும். ஆதலின், ‘சென்ற ஆண்டுக் காற்றுக்கு நின்ற கூரை இவ்வாண்டும் நிற்கும்’ என்பது பிழையான கணக்கு.

இன்னொன்றும் உண்டு. காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்தும் என நாம் கருதுகின்றோம். பெரும்பான்மையும் அது மேல்நோக்கியே இழுக்கின்றது. கூரையின் விளிம்பிலும் முகட்டிலும் காற்று விரைந்து தாவும்போது அவ்விடத்து மேற்புற அமுக்கம் குறைகின்றது. கீழிருக்கும் காற்று கூரையை உயர்த்த முயலும். அந்நேரத்திற் காற்றை எதிர்கொள்ளும் பக்கத்துச் சாளரம் ஒன்று உடைந்துவிட்டால், உட்புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளு. இரண்டுஞ் சேர்ந்த பின்னர்ச் சாதாரண ஆணி யாது செய்யும்? ஆகவே கூரை முதலிற் கழல்வது நடுவில் அன்று. மூலைகளிலும், தாவாரத்திலும், முகட்டிலும், மூன்று புறமும் திறந்து கிடக்கும் விறாந்தையிலுமே.

எம் வீட்டில் நிகழ்ந்தது

2000 ஆம் ஆண்டில் எமக்குப் பத்தொன்பது வயது. எம் தந்தையார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். எம் வீட்டு விறாந்தைக் கூரை அஸ்பெஸ்ரஸ் தகடுகளால் வேயப்பட்டது. ஓரத்துத் தகடுகள் இரண்டின் கொளுக்கி ஆணிகள் துருவேறித் தளர்ந்திருந்தன. காற்றடிக்கும் போதெல்லாம் அவை படபடவென ஒலிக்கும். ‘தம்பி, அதை ஒருக்கால் ஏறி இறுக்கிவிடு’ என்று எம் தாயார் ஐப்பசி முதலே சொல்லிவந்தார். ‘நாளைக்குச் செய்கிறேன் அம்மா’ என்பதே எம் மறுமொழி. ஆறு ஆணிகளின் வேலை. அரை நாளும் வேண்டாம். கார்த்திகை போயிற்று, மார்கழியும் வந்தது.

நத்தாருக்கு மறுநாள் பொழுதுபடும் வேளையிற் காற்று முறுகியது. அவ்விரு தகடுகளும் கழன்று பறந்தன. ஒன்று எம் வளவு வேலியிலே சிதறியது. மற்றையது அயல்வீட்டுச் சாளரத்தை உடைத்துக்கொண்டு உள்ளே வீழ்ந்தது. அங்குத் தாயோடு ஒதுங்கியிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் இடக்கை கிழிந்தது. வீதியெங்கும் மரங்கள் வீழ்ந்து கிடந்தமையால், விடிந்த பின்னரே அவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல முடிந்தது. உயிருக்கு ஊறில்லை, ஆயினும் அக்கையின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

அச்சிறுவனின் பெற்றோர் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘காற்றுச் செய்ததற்கு நீர் என்ன செய்வீர்?’ என்றார் அவன் தந்தையார். காற்றுச் செய்தது பாதி. மீதியைச் செய்தவர் யாமே என்பதை யாம் அறிவோம். நம் கூரை நம் தலைக்கு மேல் இருக்கும்வரை அது நம்முடையது. கழன்ற கணமே அஃது அயலாரின் ஆபத்து. வீட்டை ஆயத்தஞ் செய்தல் நமது உடைமையைக் காக்கும் செயல் மட்டுமன்று. அயலார்க்குச் செய்யவேண்டிய கடமையுமாகும். இதனை எழுதுவதற்கே இம்மலரில் இடம் கேட்டுப் பெற்றோம்.

பருவத்திற்கு முன் செய்யவேண்டியவை

இவ்வேலைகளைப் புரட்டாதி முடிவதற்குள் முடித்தல் நன்று. மழை தொடங்கிய பின்னர் வழுக்கும் கூரையில் ஏறுதலே ஆபத்தாகும். தச்சரும் மேசன்மாரும் அப்பொழுது அகப்படார்.

முதலாவது, கூரை. கைமரங்களும் சலாகைகளும் உளுத்துள்ளனவா எனக் கூரிய இரும்பொன்றாற் குத்திப் பார்க்க. உளுத்த மரத்தில் எத்தகைய ஆணியும் நிலையாது. நேரே அறைந்த ஆணி, வந்த வழியே கழன்று விடும். சலாகையைச் சுற்றி வளைந்து பிடிக்கும் கொளுக்கி ஆணியே தகடுகளுக்கு ஏற்றது. ஓரவரிசைகளிலும் முகட்டிலும் ஆணிகள் நெருக்கமாக அமைதல் வேண்டும். அஸ்பெஸ்ரஸ் தகட்டில் ஆணியின் தலைக்கீழ் வாசர் இட்டு இறுக்குக. அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு வெடிக்கும். அத்தகட்டை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆதலின் நீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு செய்க. ஓட்டுக் கூரையாயின் தாவாரத்து ஓடுகளையும் முகட்டோடுகளையும் சாந்திட்டுப் பொருத்துக, உடைந்தவற்றை மாற்றுக.

ஆணி தகட்டைச் சலாகையோடு பிணைக்கும். சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின்மேற் கிடக்கும் வளையோடும், வளையைச் சுவரோடும் பிணைப்பது எது? இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுக்கூரையும் ஒருங்கே எழும்பிவிடும். இரும்புப் பட்டிகளால் இம்மூட்டுகளைப் பிணைத்தல் பெருஞ்செலவன்று. புதிதாக வீடு கட்டுவோர் இதனைத் தொடக்கத்திலேயே மேசனாரிடம் சொல்லிச் செய்வித்தல் வேண்டும். நான்கு புறமும் சாய்ந்த கூரை, இரு புறம் மட்டும் சாய்ந்ததினும் காற்றைத் தாங்கும். மிகத் தட்டையான கூரையினும் நன்கு சாய்ந்த கூரை சிறந்தது. விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாக அமையாது தனியே அமைப்பின், அது போனாலும் வீட்டுக் கூரையை உடன்கொண்டு போகாது.

கூரைமேல் மணல் மூடையும் கல்லும் வைப்பது நம்மவர் வழக்கம். முன்னே சொன்ன கணக்கை இதனோடு பொருத்திப் பார்க்க. இரண்டு சதுர மீற்றர்த் தகடு ஒன்றைப் பெருங்காற்று நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கக் கூடுமாயின், இருபத்தைந்து கிலோகிராம் மூடை ஒன்று அதனைத் தடுப்பது எங்ஙனம்? தகடு போகும், அதனோடு கல்லும் போகும். கிடுகுக் கூரையாயின், வடக்கயிற்றைக் கூரைக்கு மேலாக இட்டு, இருபுறமும் நிலத்தில் ஆழ முளையடித்துக் கட்டுதல் பயன் தரும்.

இரண்டாவது, கதவும் சாளரமும். கீல்களையும் தாழ்ப்பாள்களையும் சோதிக்க. கண்ணாடிச் சாளரங்களுக்கு அளவாகப் பலகை வெட்டி, ‘முன் அறை’, ‘குசினி’ என அவற்றில் எழுதி வைத்தால் வேண்டியபொழுது விரைந்து பொருத்தலாம். கண்ணாடியிற் குறுக்கும் நெடுக்குமாக நாடா ஒட்டுவதனால் அது உடையாது என்பது தவறான எண்ணம். அமுக்கம் சமனாகும் பொருட்டுச் சாளரங்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் பிழை. உட்புகும் காற்றே கூரையைக் கிளப்பும் என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, வளவு. வீட்டின்மேற் சாய்ந்த கிளைகளை வெட்டுக. முருங்கை எளிதில் முறிவது. கூரையருகே நிற்பின் தறித்துவிடுதல் நலம். தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் பன்னாடையையும் இறக்குவிக்க. பெருங்காற்றிலே தேங்காய் பீரங்கிக் குண்டாகும். கிளைகளை வெட்டுவதேயன்றி மரங்களை அடியோடு அழித்தல் வேண்டா. கரையோரத்துப் பனந்தோப்பும் கண்டற் காடும் காற்றின் வேகத்தையும் அலையின் வேகத்தையும் தணிப்பன. ஏணி, தகரத்துண்டு, பூச்சட்டி, வெற்றுப் பீப்பாய் முதலியனவற்றை எங்கே எடுத்து வைப்பது என முன்னரே இடம் தீர்மானித்துக் கொள்க.

நான்காவது, நீர் வழிதல். வீதியோர வாய்க்காலும் மதகும் அடைபட்டிருப்பின், அயலவர் ஒன்றுகூடி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் துப்புரவு செய்யலாம். தன் வளவை மட்டும் மண்ணிட்டு உயர்த்தி மதில் எழுப்புபவர், தம் வெள்ளத்தை அடுத்த வீட்டிற்கு அனுப்புகின்றார் என்பதை மறத்தலாகாது. கிணற்றுக்கட்டு தாழ்ந்திருப்பின் உயர்த்துக. மலைநாட்டில் வாழும் பழைய மாணவர் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும்: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்து வரும் மரம், திடீரெனக் கலங்கித் தோன்றும் ஊற்று, இவை மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் காத்திராது வெளியேறுக.

கையிலெடுக்கும் பெட்டி

எம் தாயார் மட்டக்களப்புக்குத் தெற்கே கரையோரக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியின்போது அவருக்கு இருபது வயது. பரீட்சையில் நன்கு தேறி, ஆசிரிய நியமனத்திற்கு விண்ணப்பிக்க இருந்தார். சான்றிதழ்கள் யாவும் தகரப் பெட்டியொன்றிற் கட்டிலின் கீழே இருந்தன. கூரை போயிற்று, வெள்ளம் புகுந்தது, பெட்டியில் எஞ்சியது கூழ். மறுபிரதி பெற்று முடிப்பதற்குள் விண்ணப்ப நாள் கடந்தது. அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணம் ஆயிற்று. தாம் அடையாத தொழிலைத் தம் மகன் அடைந்ததிலே அவருக்கு நிறைவு உண்டு. ஆயினும் எம் பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அதனைப் பொலித்தீன் உறையிலிட்டு, வாயை மெழுகுதிரியாற் சுட்டு ஒட்டியவர் அவரே.

எனவே, காணி உறுதி, பிறப்பு விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, பரீட்சைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை நீர்புகாத உறையிலிட்டு ஒரே பையில் வைக்க. அவற்றைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, வேற்றூரில் வாழும் உறவினர் ஒருவர்க்கு அனுப்பி வைத்தல் மேலும் நன்று.

இப்பையோடு மூன்று நாட்களுக்குரிய பொருள்களையும் ஆயத்தமாக வைக்க: ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு லீற்றர் நல்ல நீர், அடுப்பின்றி உண்ணத்தக்க அவல், பிஸ்கற், பேரீச்சம்பழம் போல்வன, குழந்தைக்குப் பால்மா, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, கைவிளக்கும் மின்கலங்களும், மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி, தீப்பெட்டி, மாற்றுடை, சிறிதளவு சில்லறைப் பணம். மின்சாரம் நின்றுவிட்டால் வங்கியின் இயந்திரமும் பணம் தராது.

அறிவித்தல் கேட்டபின்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலையுமே நம்புக. கைத்தொலைபேசியில் உலவும் பெயரற்ற செய்திகளைப் பரப்பற்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். நோயாளர் காவு வண்டிக்கு 1990.

கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்றுக. குடங்களையும் தாங்கியையும் நீரால் நிரப்புக. வளவிற் பறக்கக்கூடிய யாவற்றையும் உள்ளே எடுக்க. சாளரப் பலகைகளைப் பொருத்துக. ஆடுமாடுகளைக் கட்டவிழ்த்து மேட்டுநிலத்திற்கு ஓட்டுக; கட்டிய கயிறே அவற்றிற்குக் காலனாகும். வள்ளங்களைக் கரையில் உயர ஏற்றிக் கட்டுக. கடலோரத்திலும் தாழ்நிலத்திலும் களிமண் வீட்டிலும் வாழ்வோர், கிராம அலுவலர் போகச் சொல்லியவுடனே பாடசாலைக்கோ பிற உறுதியான கட்டடத்திற்கோ சென்றுவிடுதல் வேண்டும். சூறாவளி காற்றோடு கடலையும் தள்ளிக்கொண்டு வருவது. அக்கடற்பெருக்கை எந்த மதிலும் தடுக்காது. அயலில் தனித்து வாழும் முதியோர் உளரோ, நடக்கவியலாதோர் உளரோ என்று பார்த்து அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுக. ‘என் வீட்டை விட்டு வரமாட்டேன்’ என்னும் பெரியவரோடு வழக்காடுதற்குப் பகல் வெளிச்சமும் நேரமும் வேண்டும். இருட்டியபின் அது கைகூடாது.

காற்றடிக்கும் வேளை

மின்சாரப் பிரதான ஆளியை அணைத்துவிடுக. சாளரங்களுக்கு அப்பாலுள்ள உள்ளறையில், சீமெந்துத் தட்டின் கீழே கூடியிருத்தல் சிறந்தது. சிறியதும் நல்ல சுவர்களை உடையதுமான அறை பெருமண்டபத்தினும் பாதுகாப்பானது.

சூறாவளியின் நடுவே கண் எனப்படும் அமைதிப் பகுதி உண்டு. அது நேரே நம் ஊரைக் கடக்குமாயின், பேரிரைச்சல் திடீரென ஓயும். வானிற் சிலபோது விண்மீனும் தோன்றும். அறியாதார் ‘காற்று நின்றது’ என வெளியே வருவர். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திற்குள்ளோ, முன்னைய திசைக்கு எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் பாயும். முதற்காற்றினால் ஆட்டங்கண்ட மரமும் சுவரும் இரண்டாங் காற்றிற்கு வீழும். 1978 இல் எம் பாட்டனார் அவ்வமைதியை நம்பிப் பசுவை அவிழ்க்கப் போனார். திரும்பி வருவதற்குள் காற்றும் திரும்பியது. வளவெல்லையில் நின்ற பனையொன்றைக் கட்டிப் பிடித்தவண்ணம் விடியும்வரை நின்று உயிர் தப்பினார். அவர் மார்பில் இருந்த தழும்பைச் சிறுவயதில் யாம் தொட்டுப் பார்த்ததுண்டு. அதன் பின்னர் அவ்வீட்டிற் கார்த்திகை மழையிருட்டுக் கண்டதும் முதலில் அவிழ்க்கப்படுவது பசுவின் கயிறே. காற்று நின்றுவிட்டது என அதிகாரிகள் அறிவிக்கும்வரை வெளியே வாராதிருத்தலே விதி.

ஓய்ந்த பின்னர்

ஆபத்து காற்றோடு முடிவதில்லை. அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகற்க. அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேலியையும் தேங்கிய நீரையும் தொடற்க. ஓடும் வெள்ளத்தில் இறங்கி நடத்தலும் வாகனம் செலுத்தலும் வேண்டா. வெள்ளம் புகுந்த வீட்டிலே பாம்பு ஒதுங்கியிருக்கும். கோலொன்றால் தட்டிப் பார்த்தே பொருள்களை எடுக்க. மின்பிறப்பாக்கியை வீட்டினுள் இயக்கற்க. அதன் புகையிலுள்ள நஞ்சு மணமற்றது, உறங்குவோரைக் கொல்ல வல்லது.

வெள்ளங் கலந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவிற் குளோரின் இட்டபின்னரே பயன்படுத்துக. அதுவரை கொதித்தாறிய நீரையே பருகுக. சேற்று நீரில் வெறுங்காலோடும் புண்ணோடும் வேலை செய்வோரை எலிக்காய்ச்சல் பற்றும். சிரட்டையிலும் தகரத்திலும் தேங்கிய நீர் சில நாட்களில் டெங்கு நுளம்பை வளர்க்கும். உடைந்த கூரைமேல் ஏறும் அவசரத்தில் வீழ்ந்து மாண்டோரும் உளர். ஆதலின் தனியே ஏறற்க.

முடிவுரை

மேற்கூறிய யாவற்றையும் ஒரே ஆண்டில் எல்லோராலும் செய்துவிட இயலாது. கூரை முழுவதையும் மாற்றப் பொருளில்லாதவர் ஓரத்து ஆணிகளையாவது இறுக்கலாம். அதற்கும் இயலாத முதியோர்க்கு இளைஞர் செய்து கொடுக்கலாம். எமது கல்லூரிப் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், வைத்தியர் உளர், அரச அலுவலர் உளர், வெளிநாடுகளில் வாழ்வோரும் பலர். அழிவு வந்தபின் அவர்கள் பொருள் அனுப்புவதை நன்றியோடு அறிவோம். அப்பொருளிற் சிறிதைப் புரட்டாதி மாதத்திலே ஊரிலுள்ள ஏழை வீடுகளின் கூரைக்கு அனுப்புவார்களாயின், மார்கழியிற் கூடாரத்திற்கு அனுப்ப வேண்டிய தொகை குறையும். யூபிலி ஆண்டின் நினைவாகச் சங்கம் இதனை ஆராய்தல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.

கை ஊறுபட்ட அச்சிறுவர் இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தை. எமது கல்லூரியின் பழைய மாணவருமாவார். அவர் இசைவோடேயே இவ்வரலாற்றை எழுதினோம். இன்றும் அவர் எம் அயலவரே. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதிக் கடைசிச் சனிக்கிழமையில் எம் வீட்டுக் கூரையில் யாம் ஏறும்போது, கீழே நின்று ஏணியைப் பிடிப்பவர் அவர். பின்னர் அவர் வீட்டுக் கூரையில் யாம் ஏறுவோம். ‘சேர், அந்த ஓரத்து ஆணியை இன்னொருக்கால் பாருங்கோ’ என்று அவர் சொல்லாத ஆண்டில்லை. யாமும் அதனை இன்னொரு முறை பார்க்காது இறங்குவதில்லை.